இழைக்குரிய தரவைப் பதிதலும் விடுத்தலும்: முறைமை நிரலகங்களின் வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிரல் ஒரே நேரத்தில் பல இழைகளாக இயங்கும்போது, ஒவ்வோர் இழைக்கும் உரிய தரவைத் தனித்தனியே பேணும் பொறுப்பு முறைமை நிரலகத்தைச் சார்கிறது. இப்பொறுப்பு எவ்வாறு தோன்றியது, 1995ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரம் அதற்கு எத்தகைய வடிவம் தந்தது, பின்வந்த நிரலகங்கள் அவ்வடிவத்தை எவ்வாறு நிறைவேற்றின என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. தரவைப் பதிவு செய்யும் முறையில் நிரலகங்கள் விரைவில் ஒன்றுபட்டன என்பதையும், பதிவை முடித்துவைக்கும் முறையில் அவை இன்றளவும் வேறுபட்டே நிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இழை, முறைமை நிரலகம், திறவுகோல், அழிப்பி, போசிக்ஸ், தலைமுறை எண்.

முன்னுரை

கணினியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவோ மொழிகளின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் இருந்துகொண்டு, எல்லா நிரல்களுக்கும் பொதுவான பணிகளைச் செய்து தருவது முறைமை நிரலகம். கோப்பைத் திறத்தல், நினைவகம் பெறுதல், இழைகளை உருவாக்குதல் முதலிய பணிகள் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. அதில் ஒருமுறை எடுக்கப்படும் முடிவு பல்லாயிரம் நிரல்களைப் பிணைத்துவிடுவதால், பிழையான முடிவையும் எளிதில் மாற்ற இயலுவதில்லை. இழைக்குரிய தரவு பற்றிய வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

இக்கட்டுரையில் கையாளப்படும் சொற்கள் சிலவற்றை முதலில் வரையறுத்துக்கொள்வது தேவையாகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ‘செயல்முறை’ எனப்படுகிறது. ஒரு செயல்முறைக்குள் தனித்து ஓடும் கட்டளைத் தொடர் ‘இழை’. ஆங்கில வழக்கில் இது திரெட் எனப்படும். ஒரு செயல்முறையின் இழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. செயற்கூறுகளுக்குள் பிறந்து அவற்றோடு மறையும் தற்காலிக மாறிகளுக்காக மட்டும் ஒவ்வோர் இழைக்கும் தனி அடுக்கம் உண்டு. நிரல் முழுவதற்கும் உரிய பொதுமாறி எல்லா இழைகளுக்கும் ஒன்றே.

பொதுமாறியைப்போல நிரலின் எப்பகுதியிலிருந்தும் எட்டக்கூடியதாகவும், தற்காலிக மாறியைப்போல இழைக்கு இழை வேறானதாகவும் ஒரு தரவு தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவிற்கு இரு பகுதிகள் உள்ளன. அத்தரவைப் பதிவு செய்வது எவ்வாறு என்பது ஒன்று. இழை முடியும்போதோ நிரலகம் விலகும்போதோ அப்பதிவைத் தீர்ப்பது எவ்வாறு என்பது மற்றொன்று.

1. பொதுமாறியின் காலம்

சிக்கலின் வேர் யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கக் காலத்தில் உள்ளது. பிடிபி-11 கணினியில் இயங்கிய யூனிக்ஸில், ஒரு நிரல் இயங்குதளத்திடம் வேண்டிய பணி தவறினால், தவற்றின் காரணத்தைக் குறிக்கும் எண் கணினியின் பதிவகம் ஒன்றில் வந்து சேரும். நிரலகத்தின் சிறு பகுதி ஒன்று அவ்வெண்ணை எடுத்து ‘எர்நோ’ என்னும் பொதுமாறியில் இட்டுவிட்டு, அழைத்த நிரலுக்கு -1 என்னும் மதிப்பைத் திருப்பித் தரும். நிரலர் -1 வந்தது கண்டு எர்நோவைப் படித்துக் காரணத்தை அறிவார்.

ஒரு செயல்முறையில் ஒரே கட்டளைத் தொடர் ஓடிய காலத்தில் இவ்வேற்பாடு பெரும்பாலும் இடரின்றி நடந்தது. எனினும் அக்காலத்திலேயே ஒரு விரிசல் தென்பட்டது. நிரலின் ஓட்டத்தை இடைமறித்து இயங்கும் சைகை கையாளும் செயற்கூறு, தன் பணியின்போது எர்நோவை மாற்றிவிடக்கூடும். ஆகவே அத்தகைய செயற்கூறுகள் நுழையும்போது எர்நோவின் மதிப்பை எடுத்துவைத்து, வெளியேறும்போது மீண்டும் இட வேண்டும் என்னும் நெறி வழக்கிற்கு வந்தது. ஒரே மாறியை இரு ஓட்டங்கள் தொடும்போது நேரும் கேட்டிற்கு இது முன்னறிகுறி எனலாம்.

இத்தகைய மறைமுகப் பொதுத்தரவு எர்நோவோடு நிற்கவில்லை. சரத்தைச் சொல்சொல்லாகப் பிரிக்கும் ‘ஸ்டர்டோக்’ தான் விட்ட இடத்தைத் தனக்குள் ஒரு நிலைமாறியில் நினைவில் வைத்தது. நேரத்தை ஆண்டு, மாதம், நாளாகப் பகுத்துத் தரும் ‘லோக்கல்டைம்’ விடையைத் தனக்கே உரிய ஒரு நினைவகப் பகுதியில் எழுதி, அதன் முகவரியை மட்டும் தந்தது. இரு அழைப்புகள் நிகழ்ந்தால் பின்னது முன்னதை அழிக்கும். இச்செயற்கூறுகளை வடிவமைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று கொள்வது பொருந்தாது. நினைவகம் அரிதாயிருந்த பொறியில், ஒரே ஓட்டத்தை மனத்திற்கொண்டு எடுக்கப்பட்ட சிக்கனமான முடிவுகள் அவை.

2. இழைகளின் வருகை

1980களில் இழைகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து நடைமுறைக்கு வரலாயின. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் இயங்குதளம் ஒரு செயல்முறைக்குள் பல இழைகளை இடம்பெறச் செய்தது. அதன்மீது அமைந்த ‘சி திரெட்ஸ்’ என்னும் நிரலகத்தை எரிக் கூப்பரும் ரிச்சர்ட் டிரேவ்ஸும் 1988இல் விளக்கி எழுதினர். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பிரெல், இழைகளைக் கொண்டு நிரல் எழுதும் முறை குறித்து 1989இல் எழுதிய அறிக்கை பரவலாகப் பயிலப்பட்டது.

இழைகள் வந்தபின் எர்நோவின் நிலை என்னவாயிற்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். முதல் இழை, இல்லாத ஒரு கோப்பைத் திறக்க முயன்று தவறுகிறது. எர்நோவில் ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்பதைக் குறிக்கும் 2 என்னும் எண் இடப்படுகிறது. அவ்விழை அதனைப் படிப்பதற்குள் இரண்டாம் இழையின் அழைப்பு ஒன்று இடைமறிக்கப்பட்டுத் தவறுகிறது. எர்நோ 4 ஆகிறது. இப்போது எர்நோவைப் படிக்கும் முதல் இழை, கோப்பு இல்லை என்பதை அறியாமல், அழைப்பு இடையில் நின்றது என்று கருதி மீண்டும் மீண்டும் முயலும். நிரல் நின்றுபோவதில்லை, பிழைச்செய்தியும் தோன்றுவதில்லை. பிறர் ஒருவருக்கு நேர்ந்த தவற்றைத் தன் தவறாகக் கொண்டு அது செயல்படுகிறது. மறுமுறை இயக்கிப் பார்க்கும்போது இழைகளின் முறைமாற்றம் வேறாக அமைவதால், பிழையை மீட்டுக் காண்பதும் அரிது.

‘சி திரெட்ஸ்’ இதற்கு ஒரு தொடக்க விடையைத் தந்தது. ஒவ்வோர் இழையோடும் ஒரே ஒரு மதிப்பை இணைத்துவைக்கவும், பின்னர் அதனைப் பெறவும் அதில் வழியிருந்தது. ஒரு நிரலரே முழு நிரலையும் எழுதும்போது ஒரு மதிப்பு போதும். தனக்குத் தேவையான அனைத்தையும் ஒரு கட்டமைப்பாகத் தொகுத்து அதன் முகவரியை அவர் அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிரலில் பல நிரலகங்கள் கூடுகின்றன. வலையமைப்பிற்கானது ஒன்று, தரவுத்தளத்திற்கானது ஒன்று என ஒன்றையொன்று அறியாத பல நிரலகங்கள் அந்த ஒரே இடத்திற்குப் போட்டியிடும். இப்போட்டியைத் தீர்க்க ஒரு பதிவுமுறை இன்றியமையாததாயிற்று. இழைக்குரிய தரவைப் ‘பதிவு செய்தல்’ என்னும் கருத்து இங்குத்தான் பிறக்கிறது.

3. போசிக்ஸ் தரமும் திறவுகோலும்

இழைகளுக்கான போசிக்ஸ் தரம் பல வரைவுகளைக் கடந்து 1995இல் 1003.1சி என்னும் எண்ணுடன் ஏற்கப்பட்டது. இழைக்குரிய தரவுக்கு அது வகுத்த ஏற்பாட்டின் மையம் ‘திறவுகோல்’ ஆகும். ஒரு மாணவர் விடுதியின் எல்லா அறைகளிலும் ஒரே வரிசையில் எண்ணிட்ட தட்டுகள் கொண்ட அலமாரி உள்ளதாகக் கொள்வோம். ‘ஏழாம் தட்டு புத்தகத்திற்கு உரியது’ என்று விடுதி அலுவலகம் ஒருமுறை பதிவு செய்தால், எல்லா அறைகளிலும் ஏழாம் தட்டு புத்தகத்திற்கு உரியதாகிறது. ஆயினும் ஒவ்வோர் அறையின் ஏழாம் தட்டிலும் இருப்பது அவ்வறையாரின் புத்தகமே. அறை இழையையும், தட்டின் எண் திறவுகோலையும், புத்தகம் மதிப்பையும் ஒக்கும்.

இவ்வேற்பாட்டிற்குத் தரம் நான்கு செயற்கூறுகளை வகுத்தது. ‘பிதிரெட்-கீ-கிரியேட்’ புதிய திறவுகோலைப் பதிவு செய்யும். ‘பிதிரெட்-செட்ஸ்பெசிஃபிக்’ நடப்பு இழையின் மதிப்பை இடும். ‘பிதிரெட்-கெட்ஸ்பெசிஃபிக்’ அதனைப் பெறும். ‘பிதிரெட்-கீ-டிலீட்’ திறவுகோலை நீக்கும். திறவுகோல் உருவானவுடன் எல்லா இழைகளிலும் அதன் மதிப்பு வெற்றுச் சுட்டாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு செயல்முறை குறைந்தது 128 திறவுகோல்களைப் பெற இயலவேண்டும் என்றும் தரம் வரையறுத்தது. திறவுகோல் எஞ்சியிராவிடில் பதிவுச் செயற்கூறு தவற்றெண்ணைத் திருப்பித் தரும். ஆகவே திறவுகோல் என்பது இழைக்கொன்றாகவோ பொருளுக்கொன்றாகவோ செலவிடத்தக்கதன்று. நிரலகத்திற்கு ஒன்றிரண்டாகச் சிக்கனமாகக் கேட்கத்தக்கது.

பதிவை யார் செய்வது என்பதும் சிக்கலே. இரு இழைகள் ஒரே நேரத்தில் ஒரு நிரலகத்தில் முதன்முறையாக நுழைந்தால், இரண்டும் திறவுகோலைப் பதிவு செய்துவிடக்கூடும். அப்போது ஒன்றின் எண் மற்றதன் எண்ணை மேலெழுதும். முன்னது எவராலும் எட்டப்படாமல் வீணாகும். இதனைத் தவிர்க்க, எத்தனை இழைகள் அழைத்தாலும் ஒருமுறை மட்டுமே இயங்கும் உறுதியைத் தரும் ‘பிதிரெட்-ஒன்ஸ்’ என்னும் செயற்கூறும் அத்தரத்தில் இடம்பெற்றது. திறவுகோல் ஆக்கத்தை அதற்குள் வைப்பதே வழக்கமாயிற்று.

மதிப்பைப் பெறும் செயற்கூறின் வடிவமும் கருதத்தக்கது. நான்காம் வரைவை அடியொற்றிய டி.சி.இ. இழை நிரலகத்தில், பெறும் மதிப்பு ஒரு சுட்டின் வழியாகவும், தவறு நேர்ந்ததா என்பது திருப்பித் தரும் எண்ணின் வழியாகவும் அறிவிக்கப்பட்டன. இறுதித் தரத்தில் மதிப்பே நேராகத் திருப்பித் தரப்படுகிறது. தவற்றை அறிவிக்க இடமே இல்லை. விரைவையும் எளிமையையும் முன்னிட்டு இம்மாற்றம் செய்யப்பட்டது. இதன் விலையாக, ‘மதிப்பு இன்னும் இடப்படவில்லை’ என்பதற்கும் ‘திறவுகோலே செல்லாதது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அழைப்பவர் அறிய இயலாது போயிற்று. பதிவு செல்லுபடியாகும் காலத்தைக் கவனிக்கும் பொறுப்பு நிரலரிடமே விடப்பட்டது.

எர்நோவிற்கு இக்காலத்தில் கிடைத்த தீர்வு வேறொரு வாயிலில் வந்தது. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரம், எர்நோ ஒரு மாறியாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அது ஒரு மேக்ரோவாகவும் இருக்கலாம் என்று விட்டிருந்தது. இந்த நெகிழ்வைப் பயன்படுத்தி, நடப்பு இழைக்குரிய எர்நோவின் முகவரியைத் தரும் செயற்கூறு ஒன்றை அழைக்கும் மேக்ரோவாக நிரலகங்கள் அதனை மாற்றின. நிரலின் எழுத்து மாறவில்லை, பொருள் மாறிற்று. ஆனால் தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் எர்நோவைத் தாமே ஒரு முழு எண் மாறியாக அறிவித்துக்கொண்ட பழைய நிரல்கள் பின்னாளில் இடருக்குள்ளாயின. கியூமெயில் என்னும் புகழ்பெற்ற அஞ்சல் நிரல், ஜிலிப்சி நிரலகத்தின் 2.3ஆம் வரிசைப் பதிப்புகளோடு திருத்தமின்றித் தொகுக்க இயலாமற்போனது இதனாலேயே. எர்நோவை இழைக்குரியதாக்கிய அதே போசிக்ஸ் தரம், தன் புதிய ‘பிதிரெட்’ செயற்கூறுகளை எர்நோவைத் தொடாமல் தவற்றெண்ணை நேராகத் திருப்பித் தருமாறு அமைத்தமையும் இங்கு நோக்கத்தக்கது. பழையதைக் காக்க வேண்டியிருந்தது. அதன் வழியில் மேலும் செல்ல எவரும் விரும்பவில்லை.

4. அழிப்பியும் அதன் சுற்றுகளும்

பதிவு செய்தபின் ஒவ்வோர் இழையும் தன் தட்டில் ஒரு பொருளை வைக்கிறது. பெரும்பாலும் அது நினைவகத்திலிருந்து கேட்டுப் பெற்ற ஒரு பகுதியின் முகவரி. இழை முடியும்போது அதனை யார் விடுவிப்பது? இழையை உருவாக்கிய நிரலருக்கு, தாம் அழைத்த நிரலகம் உள்ளே என்ன வைத்தது என்பது தெரியாது. நிரலகத்திற்கோ இழை எப்போது முடிகிறது என்பது தெரியாது. இரண்டையும் அறிந்தது இழைகளை ஆளும் முறைமை நிரலகம் ஒன்றே. ஆதலால் திறவுகோலைப் பதியும்போதே ‘அழிப்பி’ எனப்படும் செயற்கூறு ஒன்றையும் உடன் பதியும் வழியைப் போசிக்ஸ் தந்தது. இழை முடியும்போது, மதிப்பு வெற்றாக இல்லாத ஒவ்வொரு திறவுகோலுக்கும் முதலில் மதிப்பு வெற்றாக்கப்படும். பின்னர்ப் பழைய மதிப்புடன் அழிப்பி அழைக்கப்படும்.

எளிதாகத் தோன்றும் இவ்விதியில் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. அழிப்பிகள் அழைக்கப்படும் வரிசையைத் தரம் வரையறுக்கவில்லை. தரவுத்தள நிரலகத்தின் அழிப்பி தன் இணைப்பை மூடும்போது, ஒரு குறிப்பை எழுதுமாறு பதிவேட்டு நிரலகத்தை அழைக்கிறது எனக் கொள்வோம். பதிவேட்டு நிரலகத்தின் அழிப்பி ஏற்கெனவே இயங்கி முடிந்திருந்தால், அது தன் தட்டு வெறுமையாயிருப்பதைக் கண்டு புதிதாக நினைவகம் பெற்று மீண்டும் நிரப்பிவிடும். விடுவித்துக்கொண்டிருக்கும்போதே புதிய பதிவு பிறக்கிறது. இதனால் ஒரு சுற்று முடிந்ததும் தட்டுகளை மீண்டும் நோக்கி, எஞ்சியவற்றுக்கு மறுசுற்று நடத்த வேண்டியுள்ளது. இரு அழிப்பிகள் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டேயிருந்தால் இச்சுற்று முடிவற்றதாகிவிடும். அதனால் குறைந்தது 4 சுற்றுகள் நடத்தப்பட வேண்டும் என்றும், தான் வகுத்த சுற்றெண்ணிக்கை முடிந்தபின் நிறுத்திக்கொள்ள நிரலகத்திற்கு உரிமை உண்டு என்றும் தரம் விதித்தது.

அழிப்பியின் எல்லைகள் வேறு சிலவும் உள்ளன. முதன்மைச் செயற்கூறிலிருந்து திரும்பி முழுச் செயல்முறையும் முடியும்போது இழைக்குரிய அழிப்பிகள் இயங்குவதில்லை. நினைவகத்தை மட்டும் வைத்திருக்கும் தரவுக்கு இதனால் கேடில்லை. இயங்குதளம் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். எழுதி முடிக்காத குறிப்புகளை வைத்திருக்கும் தரவுக்கோ இது இழப்பாகும். மேலும், ஒரு மதிப்பின்மேல் வேறு மதிப்பை இடும்போது பழையதற்கு அழிப்பி அழைக்கப்படுவதில்லை; அதனை விடுவிப்பது நிரலரின் கடமையாகும்.

5. வேறு விடைகள்

இதே காலத்தில் பிறர் தந்த விடைகளோடு ஒப்பிடும்போது, போசிக்ஸின் முடிவுகள் இயற்கையாக அமைந்தவையல்ல, தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பது விளங்கும். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. ‘டிஎல்எஸ்-அலாக்’ என்னும் செயற்கூறின் வழி குறியெண்களை வழங்கியது. தொடக்கத்தில் ஒரு செயல்முறைக்கு 64 குறியெண்களே இருந்தன. விண்டோஸ் 2000இல் இது 1088 ஆக உயர்த்தப்பட்டது. பதிவுமுறை போசிக்ஸை ஒத்ததே. ஆனால் அழிப்பி என்னும் கருத்து அதில் இல்லை. மாறாக, ஓர் இழை முடியும்போது செயல்முறையில் ஏற்றப்பட்டுள்ள ஒவ்வோர் இயங்குநிலை நிரலகத்திற்கும் அறிவிப்பு அனுப்பப்படும். அந்நிரலகம் தன் தரவைத் தானே தூய்மை செய்துகொள்ள வேண்டும். அறிவிப்பைப் பெறும் நுழைவாயில் தனியே ஏற்றப்படும் நிரலகங்களுக்கு மட்டுமே உண்டு. நிரலோடு ஒன்றாகத் தொடுக்கப்பட்ட நிரலகத்திற்கு அவ்வாயில் இல்லை.

பின்னர் விண்டோஸில் ‘எஃப்எல்எஸ்’ என்னும் மற்றொரு தொகுதி சேர்க்கப்பட்டது. அதில் குறியெண்ணைப் பெறும்போதே திரும்ப அழைக்கப்பட வேண்டிய செயற்கூறைப் பதியலாம். இழை முடியும்போது மட்டுமன்றி, குறியெண்ணே விடுவிக்கப்படும்போதும் அச்செயற்கூறு அழைக்கப்படும். முதலில் அழிப்பியைத் தவிர்த்த தளம் ஒன்று பின்னர் அதனை ஏற்றுக்கொண்டதோடு, போசிக்ஸைவிட ஒருபடி மேலும் சென்றது.

நெட்ஸ்கேப் நிறுவனத்தின் எழுச்சியோடு உருவான ‘என்எஸ்பிஆர்’ என்னும் பெயர்த்தகு நிரலகம், பல இயங்குதளங்களின் வேறுபாடுகளை மறைத்து ஒரே முகத்தைக் காட்ட முயன்றது. அதுவும் அழிப்பியோடு கூடிய குறியெண்ணை வழங்கியது. எனினும் இரு முடிவுகளில் அது வேறுபட்டது. பழைய மதிப்பின்மேல் புதிய மதிப்பை இடும்போது, பழையதற்கு அழிப்பியை அதுவே அழைத்துவிடும். குறியெண்ணைத் திருப்பித் தருவதற்கான செயற்கூறு அதில் இடம்பெறவில்லை; பெற்ற குறியெண் செயல்முறை முடியும்வரை நிலைக்கும். திருப்பித் தருவதால் எழும் சிக்கலைத் திருப்பித் தர இயலாததாக்கித் தீர்த்தது அவ்வடிவமைப்பு.

6. திறவுகோல் நீக்கத்தின் சிக்கல்

இயங்குநிலையில் ஏற்றப்பட்ட நிரலகம் ஒன்று, தான் பெற்ற திறவுகோலை விட்டுவிட்டு விலகும் நிலையை எண்ணியே போசிக்ஸ் திறவுகோல் நீக்கத்தைச் சேர்த்தது. ஆனால் நீக்கம் அழிப்பிகளை அழைப்பதில்லை. பிற இழைகளின் தட்டுகளில் எஞ்சியுள்ள பொருள்களை நிரலரே முன்கூட்டி விடுவித்திருக்க வேண்டும். பிற இழைகளின் தட்டை எட்டும் வழியையோ தரம் தரவில்லை.

இங்கு ஓர் இடர் மறைந்துள்ளது. ஏழாம் எண் நீக்கப்பட்டு, பின்னர் வேறொரு நிரலகத்திற்கு அதே எண் வழங்கப்பட்டால், அறைகளின் ஏழாம் தட்டில் பழைய நிரலகத்தின் பொருள் இன்னும் இருக்கும். புதிய நிரலகம் அதனைத் தன்னுடையதாகக் கருதி எடுத்தால் விளைவு கேடானது. இதனைத் தடுக்க நிரலகங்கள் இரு வழிகளைக் கண்டன.

முதல் வழி, நீக்கும்போதே எல்லா அறைகளுக்கும் சென்று அத்தட்டை வெறுமையாக்குவது. சேவியர் லெராய் 1996 முதல் உருவாக்கிய லினக்ஸ்திரெட்ஸ் நிரலகம் இவ்வழியில் சென்றது. பிற்காலத்து மஸில் நிரலகமும், பூட்டிட்டு இழைகளின் பட்டியல் முழுவதும் சென்று அவ்விடத்தை வெறுமையாக்குகிறது. நீக்கம் மெதுவாகும், ஆனால் படிக்கும்போது சோதனை எதுவும் தேவையில்லை.

இரண்டாம் வழி, உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் உருவாக்கி 2003இல் ஜிலிப்சி வழியே பரவிய என்.பி.டி.எல். நிரலகத்தினுடையது. அதில் ஒவ்வொரு திறவுகோல் எண்ணுக்கும் ஒரு தலைமுறை எண் உண்டு. அது இரட்டைப்படையாயின் அவ்விடம் காலியாக உள்ளது. ஒற்றைப்படையாயின் பயனில் உள்ளது. பதியும்போது ஒன்று கூடும். நீக்கும்போது மேலும் ஒன்று கூடும். இழை தன் மதிப்பை இடும்போது அப்போதைய தலைமுறை எண்ணையும் உடன் குறித்துக்கொள்கிறது. படிக்கும்போது இரண்டும் ஒத்திராவிடில் அம்மதிப்பு முந்தைய தலைமுறையினது எனக் கொண்டு வெற்றுச் சுட்டைத் தருகிறது. பூட்டு எதுவுமின்றி, பகுக்கவியலாத ஒற்றைச் செயலால் எண்ணைக் கூட்டிப் பதிவையும் நீக்கத்தையும் இது முடித்துவிடுகிறது. எண் கூடிக்கூடித் தன் எல்லையைத் தொட்டுச் சுழியத்திற்குத் திரும்பினால் பழைய தலைமுறை புதியதெனத் தோன்றுமாகையால், எல்லையை நெருங்கிய இடத்தை மீண்டும் வழங்காமல் ஒதுக்கிவிடும் சோதனையும் அதில் உள்ளது.

ஜிலிப்சியில் திறவுகோல்களின் உச்ச எண்ணிக்கை 1024 ஆகும். ஒவ்வோர் இழைக்கும் அத்தனை இடங்களையும் முன்கூட்டி ஒதுக்குவது வீண் என்பதால், முதல் 32 இடங்கள் மட்டும் இழையின் விளக்கக் கட்டமைப்பிற்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. மற்றவை தேவைப்படும்போது 32 இடங்கள் கொண்ட தொகுதிகளாகப் பெறப்படுகின்றன. மஸிலோ தரம் கோரிய 128 என்னும் எண்ணோடு நின்றுகொண்டது.

இரு வழிகளும் பிறர் பொருளைத் தன்னதெனக் கொள்ளும் பிழையைத் தடுக்கின்றன. ஆனால் கைவிடப்பட்ட பொருளை இரண்டுமே விடுவிப்பதில்லை. என்.பி.டி.எல். வழியில் இழை முடியும்போதும், தலைமுறை ஒவ்வாத மதிப்பிற்கு அழிப்பி அழைக்கப்படாது. அந்நினைவகம் அமைதியாகக் கசிந்துபோகும். திறவுகோலை நீக்காமலே நிரலகம் விலகினால் விளைவு இன்னும் கடியது. அழிப்பியின் முகவரி பதிவில் இருக்கும். அம்முகவரியில் இருந்த நிரல் நினைவகத்தைவிட்டு அகன்றிருக்கும். இழை முடியும் நொடியில் இல்லாத செயற்கூறு அழைக்கப்பட்டு முழுச் செயல்முறையும் வீழும். நீக்கினால் கசிவு, நீக்காவிடில் வீழ்ச்சி என்னும் இவ்விருதலை நிலையில், ஒருமுறை ஏற்றப்பட்டபின் விலகவே கூடாதென நிரலகத்தைக் குறியிட்டுவிடுவதைச் சிலர் மேற்கொண்டனர்.

7. நிரல்பெயர்ப்பியின் பங்கு

2003இல் வெளிவந்த ஜிசிசி 3.3 பதிப்பு, மாறியை அறிவிக்கும்போதே அதனை இழைக்குரியதாகக் குறிக்கும் சொல்லை அளித்தது. நிரல்பெயர்ப்பியும் தொடுப்பியும் சேர்ந்து ஒவ்வோர் இழைக்கும் அம்மாறியின் படியை ஒதுக்கின. 64 பிட் எக்ஸ்86 கணினியில் ஒரு துண்டப் பதிவகம் நடப்பு இழையின் பகுதியைச் சுட்டிநிற்பதால், பல நேரங்களில் ஒற்றைக் கட்டளையிலேயே மதிப்பை எட்ட முடிந்தது. திறவுகோல் வேண்டியதில்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. 2011இல் சி, சி++ ஆகிய இரு மொழிகளின் தரங்களும் இதனை ஏற்றன.

இதனால் பதிவுமுறை வழக்கொழிந்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கலாம். அவ்வாறு நிகழவில்லை. சி மொழியில் இவ்வாறு அறிவிக்கப்படும் மாறிக்கு அழிப்பி கிடையாது. ஆகவே விரைவாகப் படிக்க இழைக்குரிய மாறியையும், இழை முடிவில் தூய்மை செய்யத் திறவுகோலையும் சேர்த்துக் கையாளும் வழக்கம் எழுந்தது. 2011ஆம் ஆண்டின் சி தரமே, இழைக்குரிய மாறியோடு அழிப்பியுடன் கூடிய திறவுகோல் செயற்கூறுகளையும் தனியே சேர்த்துக்கொண்டமை இதற்குச் சான்று. சி++ மொழியில் இழைக்குரிய பொருள்களுக்கு அழிப்பி உண்டு. அதற்காக 2013இல் வெளிவந்த ஜிலிப்சி 2.18 தனிப் பதிவுச் செயற்கூறு ஒன்றைச் சேர்த்தது. அப்பதிவு, அழிப்பிக்கு உரிய நிரலகத்தை அடையாளம் கண்டு, அழிப்பிகள் இயங்கி முடியும்வரை அந்நிரலகம் நினைவகத்தைவிட்டு அகலாமல் பிடித்துவைக்கிறது. திறவுகோல் முறையில் நிரலரிடம் விடப்பட்ட பொறுப்பு இங்கு முறைமையிடம் சென்றது.

தொடுப்பியின் உள்ளேயும் பழைய கருத்து மீண்டும் தோன்றுகிறது. இயங்கும்போது புதிய நிரலகம் ஏற்றப்பட்டால் அதன் இழைக்குரிய மாறிகளுக்கு ஒவ்வோர் இழையிலும் இடம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இழைகளை நிறுத்தி இடமளிப்பதற்கு மாறாக, ஜிலிப்சி ஒரு தலைமுறை எண்ணைக் கூட்டிவிடுகிறது. ஒவ்வோர் இழையும் அடுத்தமுறை அம்மாறியை நாடும்போது தன் எண் பழையதெனக் கண்டு தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்கிறது. திறவுகோல் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்றேயன்றி, பதிவு மறையவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

இழைக்குரிய தரவின் பதிவுமுறை புதுமை வேட்கையால் பிறந்ததன்று. ஒற்றை ஓட்டத்தை எண்ணி வகுக்கப்பட்ட எர்நோ முதலிய இடைமுகங்களைக் கைவிட இயலாத நிலையும், ஒன்றையொன்று அறியாத நிரலகங்கள் ஒரே இழையில் கூடி வாழ வேண்டிய தேவையும் அதனைத் தோற்றுவித்தன.

பதிவு செய்வதிலும் படிப்பதிலும் போசிக்ஸ், விண்டோஸ், என்எஸ்பிஆர் ஆகியன ஏறத்தாழ ஒரே வடிவத்தை அடைந்தன. முடித்துவைப்பதில் அவை ஒன்றுபடவில்லை. அழிப்பியை அழைத்தல், அறிவிப்பு மட்டும் தருதல், குறியெண்ணைத் திரும்பப் பெறாதிருத்தல், எல்லா இழைகளையும் சென்று தூய்மை செய்தல், தலைமுறை எண்ணால் செல்லாததாக்குதல், நிரலகத்தையே விலகவிடாமல் பிடித்துவைத்தல் என விடைகள் பலவாயின.

இவ்வேறுபாடு திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. ஒரு தரவு தொடங்கும் இடத்தில் அதனை உரிமை கொள்பவர் ஒருவரே. அது முடியும் இடத்தில் இழை, நிரலகம், செயல்முறை ஆகிய மூன்றின் வாழ்நாள்களும் சந்திக்கின்றன. அவற்றுள் எது முதலில் முடியும் என்பதை எந்தத் தரமும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒவ்வொரு நிரலகமும் அவற்றுள் ஒன்றின் வாழ்நாளை முதன்மையாகக் கொண்டு, மற்றவற்றின் இழப்பை ஏற்றுக்கொண்டது. ஆகவே ஒரு முறைமை நிரலகத்தை மதிப்பிட முற்படுவோர், அது தரவை எவ்வளவு விரைவாகத் தருகிறது என்பதோடு, எந்த இழப்பை யார்மேல் சுமத்துகிறது என்பதையும் நோக்க வேண்டும். இழைக்குரிய தரவின் வரலாறு அவ்வினாவிற்குத் தரப்பட்ட விடைகளின் வரலாறாகவே அமைந்துள்ளது.